குடிவழி அளவும் காட்டுயிர்க் காப்பும்: ஒரு மதிப்பீடு

உயிரினங்களைக் காத்தல் வேண்டும் என்பதில் இக்காலத்து அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. எவற்றை முதலிற் காத்தல் வேண்டும் என்னும் வினா எழுந்தவுடனே வேற்றுமை தோன்றுகின்றது. காப்புக்கெனக் கிடைக்கும் பொருளும் ஆட்களும் காலமும் அளவுபட்டவை. அழிவை நோக்கி நிற்கும் இனங்களோ மிகப் பல. ஆதலின் ஓரினத்தைத் தெரிந்தெடுத்தல் பிறிதோரினத்தைப் பின்னுக்குத் தள்ளுவதாகவே முடிகின்றது. 1991ஆம் ஆண்டில் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சார்ந்த வேன்-றைற், ஹம்பிறீஸ், வில்லியம்ஸ் என்னும் மூவர் எழுதிய கட்டுரை இந்நிலையைத் தெரிவு செய்வார்க்கு நேரும் துயரம் என்றே குறித்தது. அத்துயரைத் தணிக்கும் பொருட்டு எழுந்த அளவுகோல்களுள் ஒன்று, உயிரினங்களின் எண்ணிக்கையை விடுத்து அவற்றிடையே உள்ள கூர்ப்பு உறவை அளப்பதாகும். அவ்வளவுகோலின் வலிமையும் குறையும் யாவை என்பதும், அம்பாறைக் கரையோரத்துக்கு அஃது எத்துணைப் பயன்படும் என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

அம்பாறை மாவட்டம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள் கடலோரத்தே வரிசையாக அமைந்துள்ளன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவியின் தென்முனை கல்முனைப் புறத்தே வந்து முடிகின்றது. ஊர்களுக்கு மேற்கே நெல்வயல்களும், வயல்களுக்கு அப்பாற் காடும் உள்ளன. 1954ஆம் ஆண்டில் கல்லோயா தேசிய வனமும், 1980ஆம் ஆண்டில் லகுகல தேசிய வனமும் அமைக்கப்பட்டன. தெற்கே, கிழக்கு யால என்னும் பெயரால் 1970ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட குமணவின் ஈரநிலங்கள் 2010ஆம் ஆண்டில் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. கடலும் வாவியும் வயலும் காடும் இவ்வளவு குறுகிய நிலத்தில் அடுத்தடுத்து அமைந்திருத்தலின், எதனைக் காப்பது என்னும் வினா இவ்வூர் மக்களுக்கு நூலளவில் நிற்பதன்று, வாழ்க்கையோடு ஒட்டியதாகும்.

உயிர்களை வகுத்துக் காணும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அடுக்கிக் காட்டுகின்றது. அவ்வடுக்கு ஏணி போன்றது. கீழ்ப்படியும் மேற்படியும் உடையது. மேனாட்டில் அரிஸ்டாட்டில் முதலாக வந்த பாகுபாடும் பெரும்பாலும் அத்தன்மையதே. 1859ஆம் ஆண்டில் டார்வின் வெளியிட்ட உயிரினத் தோற்ற நூலில் இடம்பெற்ற படம் ஒன்றேயாகும். அப்படம் ஏணியைக் காட்டாது, கிளைவிட்டுப் பிரியும் வரைவைக் காட்டிற்று. உயிர்களிடையே உள்ளது உயர்வு தாழ்வன்று, உறவே என்னும் கருத்து அப்படத்தால் நிலைபெற்றது. எனினும், காப்புத் துறையில் நெடுங்காலம் வழங்கி வந்த அளவு இவ்வுறவைக் கருதாத அளவேயாம். ஒரு காட்டில் எத்தனை இனங்கள் உள என எண்ணி, எண்ணிக்கை மிக்க காடே சிறந்ததெனத் துணிவதே வழக்கமாயிற்று.

இவ்வெண்ணலில் உள்ள குறை வெளிப்படையானது. நெருங்கிய உறவுடைய இரு தவளைகளும், உலகில் உறவே இல்லாத ஒரு விலங்கும், எண்ணுவோன் கையில் ஒவ்வொன்றாகவே எண்ணப்படுகின்றன. அவுஸ்திரேலிய நாட்டு அறிஞர் டானியல் பெயித் 1992ஆம் ஆண்டில் இக்குறையைக் களையும் அளவு ஒன்றை வகுத்தார். ஓரிடத்தில் வாழும் இனங்கள் யாவற்றையும் கூர்ப்பு மரத்தின்கண் குறித்து, அவற்றை இணைக்கும் கிளைகளின் நீளங்களைக் கூட்டினால் வரும் தொகையே அவ்விடத்தின் குடிவழிப் பன்மை என்பது அவர் வகுத்த முறையாகும். கிளையின் நீளம் பெரும்பாலும் ஆண்டுகளாற் கணிக்கப்படும். ஓரினம் அழியும்போது, அதற்கே உரியதாய் நிற்கும் கிளையின் நீளமே இழப்பின் அளவாகின்றது.

கிழக்கிலங்கை மக்கள் இம்முறையை எளிதில் உணர்வர். இக்கரையில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் குடி என்னும் தாய்வழிப் பிரிவை நெடுங்காலமாகப் போற்றி வருகின்றனர். தாயின் குடியே பிள்ளையின் குடியாகும். ஆலய வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காரும் குடிக்கு இன்னாரென அமர்த்தப்பட்டமை இவ்வழக்கின் சிறப்பைக் காட்டும். ஓரூரில் ஒரு குடியைச் சார்ந்த நூறு வீடுகளும், மற்றொரு குடியைச் சார்ந்த ஒரு வீடும் உள்ளன எனக் கொள்வோமாயின், நூறில் ஒரு வீடு ஒழிந்தால் ஊர் ஒரு வீட்டை இழக்கும். தனித்து நின்ற வீடு ஒழிந்தால் ஒரு குடியையே இழக்கும். வீட்டை எண்ணுவோர்க்கு இரண்டும் ஒன்றே. குடியை எண்ணுவோர்க்கு இரண்டும் ஒன்றாகா. பெயித் கூறிய அளவு வீட்டை விடுத்துக் குடியை எண்ணும் அளவாகும்.

வாவிக்கரைக் கண்டற்காடு இதற்குத் தக்க சான்று. அங்கு வளரும் மரஞ்செடிகள் எண்ணிக்கையிற் சிலவே. ஆயின், தில்லை ஆமணக்கின் குடும்பத்தைச் சார்ந்தது. கண்ணா ஆடாதோடையின் குடும்பத்தைச் சார்ந்தது. கிண்ணை மருதோன்றியின் குடும்பத்தைச் சார்ந்தது. மருத மரத்தின் குடும்பத்தைச் சார்ந்த சிறுமரமும் அங்கு உண்டு. கண்டல் இவற்றினின்று வேறாய்த் தனிக் குடும்பமாய் நிற்பது. இவற்றின் அடியிற் சதுப்பில் வளரும் பன்னமோ பூக்கும் தாவரங்களினின்று 35 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்த வழியில் வந்ததாகும். உவர்நீரில் வாழும் ஆற்றலை வெவ்வேறு குடிகள் தனித்தனியே பெற்று ஓரிடத்தே வந்து கூடியமையால் இந்நிலை உண்டாயிற்று. அருகிலுள்ள புல்வெளியில் இதனின் மும்மடங்கு இனங்கள் இருத்தல் கூடும். அவையெல்லாம் ஒரே புற்குடும்பத்தினவாயின், கிளைநீளத்தால் அம்மும்மடங்கை எட்டமாட்டா. இனத்தொகை கொண்டு நோக்குவார்க்கு வறியதாய்த் தோன்றும் கண்டற்காடு, குடிவழி கொண்டு நோக்குவார்க்குச் செல்வமுடையதாய்த் தோன்றுகின்றது.

விலங்குகளிலும் இத்தகைய சான்றுகள் உள. இலங்கைக் கரைக்கு வந்து முட்டையிடும் கடலாமைகள் ஐந்தினமாகும். அவற்றுள் நான்கு ஒரே குடும்பத்தன. ஏழுவரி ஆமை ஒன்றே தனிக் குடும்பமாய் நிற்பது; அக்குடும்பத்தில் உலகெங்கும் எஞ்சியுள்ளது அவ்வோரினமே. வரள்வலயக் காடுகளில் வாழும் அழுங்கும் அவ்வாறே தனித்த வழியில் வந்தது; அதன் வரிசையைச் சார்ந்த இனங்கள் உலகில் பத்தினும் குறைந்தனவே. இவை அழிந்தால் இவற்றின் இடத்தை நிரப்பவல்ல உறவினங்கள் மிகச் சிலவாகவோ இல்லாதனவாகவோ இருக்கும்.

இம்முறையின் பயனை வலியுறுத்தும் ஆராய்ச்சியும் இல்லாமல் இல்லை. தென்னாபிரிக்காவின் கேப் நிலத்துத் தாவரங்களை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, தாவரச் சாதிகளின் எண்ணிக்கை மிக்க இடமும் குடிவழிப் பன்மை மிக்க இடமும் ஒன்றாக இருப்பதில்லை எனவும், மருந்து முதலிய பயன்களைப் பிற்காலத்தார்க்கு விட்டுவைக்கக் குடிவழியைக் கருதுதலே ஏற்றது எனவும் காட்டிற்று. அதே ஆண்டில் இலண்டன் விலங்கியற் கழகம் 'எட்ஜ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, குடிவழியால் தனித்தவையும் அழிவை எதிர்நோக்குவனவுமான விலங்குகளை வரிசைப்படுத்தலாயிற்று. 2022 திசம்பரில் மொன்றியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட உயிர்ப்பன்மைத் திட்டத்தின் கண்காணிப்புச் சுட்டிகளுள்ளும் குடிவழி அளவு இடம்பெற்றது. அறிஞர் சிலர் வகுத்த கணக்கு நாடுகள் ஏற்ற அளவாக உயர்ந்துவிட்டமையின், அதன் குறைகளை ஆராய்தல் இப்பொழுது முன்னையினும் இன்றியமையாததாகின்றது.

முதற்குறை, வரிசையிடுதலின்கண் தோன்றுவது. நியூசீலாந்தில் வாழும் துவாத்தரா பல்லிபோற் காணப்படினும் பல்லியன்று. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளாகத் தனித்து வந்த வரிசையில் எஞ்சியது. 1990ஆம் ஆண்டில் அஃது ஓரினமன்று, ஈரினம் என ஆராய்ச்சியாளர் கூறினர். இனத்தை எண்ணுவோர்க்கு ஒன்று இரண்டாயிற்று. மொத்தக் கிளைநீளமோ பெரிதும் மாறவில்லை. இது பெயித் கூறிய அளவின் வலிமை. ஆயின், ஒவ்வோரினத்துக்கும் தனித்தனி மதிப்பெண் இடும் முறையில், பொதுக்கிளையின் நீளத்தை அதன்வழி வந்த இனங்களுக்குச் சமமாகப் பங்கிடுவர். ஓரினம் ஈரினமானவுடன் அவற்றின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். 2010ஆம் ஆண்டில் துவாத்தரா ஓரினமே எனப் பின்னரும் துணியப்பட்டது. தீவிலிருந்த விலங்கில் யாதொரு மாற்றமும் இல்லாதிருக்க, மதிப்பு மட்டும் இறங்கி ஏறுதல் இம்முறைக்கு நேரும் இழுக்காகும்.

இவ்விழுக்கு அம்பாறை யானையையும் தொடுகின்றது. யானையின் வழி, கடற்பசுவின் வழியினின்று ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்தது. ஆசிய யானையும் ஆபிரிக்க யானையும் பிரிந்தது ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னராகும். இடையிலுள்ள 5 கோடி 30 இலட்சம் ஆண்டுக் கிளை யானைகளுக்கெல்லாம் பொது. ஆபிரிக்க யானை ஓரினம் எனக் கொண்டால், அப்பொதுக்கிளையிற் பாதியும் தன் தனிக்கிளையும் கூடி ஆசிய யானைக்கு 3 கோடி 35 இலட்சம் வரும். 2021ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆபிரிக்க யானையைக் காட்டு யானை, வெளி யானை என ஈரினமாகக் கொண்டு மதிப்பிட்டது. அவ்வாறு கொண்டால் பொதுக்கிளை மூன்றாகப் பங்கிடப்பட, ஆசிய யானைக்கு ஏறத்தாழ 2 கோடி 47 இலட்சமே வரும். ஆபிரிக்க யானையைப் பற்றிய முடிபொன்று லகுகலக் குளத்துப் புல்லை மேயும் யானையின் மதிப்பைக் குறைத்துவிடுகின்றது.

இதனினும் பெரியது மற்றொன்று. ஆசிய யானை மட்டும் அழிந்தால் மரம் உண்மையில் இழப்பது 70 இலட்சம் ஆண்டுக் கிளையையே. மூவினமும் அழிந்தால் 6 கோடி ஆண்டு வழி முழுவதும் ஒழியும். ஆதலின் ஓரினத்தின் மதிப்பு அதன் உறவினங்களின் நிலையோடு சேர்த்துக் கணிக்கப்படல் வேண்டும். 2023ஆம் ஆண்டில் வெளியான திருத்தமுறை உறவினங்கள் அழியக்கூடிய அளவையும் கணக்கிற் சேர்த்தமை நன்றே. எனினும், திருந்திய கணக்கும் இனத்தோடு நின்றுவிடுகின்றது; இனத்துள் உள்ள வேற்றுமையைக் காண்பதில்லை. தாய்வழியாக மட்டும் இறங்கும் பரம்பரைப் பொருளை ஆராய்ந்தோர் ஆசிய யானையில் இரு பெருவழிகள் உள எனவும், அவ்விரண்டும் இலங்கையிற் காணப்படுகின்றன எனவும் கண்டனர். தாய்வழிக் குடியைப் போற்றும் நாட்டில் யானைக்கும் தாய்வழிக் குடி இரண்டு உண்டு. இலங்கை யானை அழிந்தாலும் ஆசிய யானை பிற நாடுகளில் உளதாகலின் கிளை அழியாது என்று இனத்தளவில் நிற்கும் கணக்குக் கூறும். அம்முடிபை இலங்கையர் ஏற்றல் இயலாது.

இரண்டாங் குறை, இளங்கிளைகளைப் பற்றியது. இலங்கையின் மரத்தவளைகள் ஒரு மூதாதையின் வழியில் வந்து எழுபதுக்கு மேற்பட்ட இனங்களாய்ப் பெருகியவை. அவற்றுட் பதினைந்துக்கு மேற்பட்டவை முன்னரே அழிந்தொழிந்தன. நெருங்கிய உறவுடையனவாதலின் இவற்றுள் ஒவ்வொன்றின் தனிக்கிளையும் குறுகியதே. குடிவழி அளவு இவற்றுக்கு உயர்ந்த மதிப்பைத் தராது. ஆயின், ஒரு தீவினுள் கூர்ப்பு இன்றும் தொழிற்பட்டுப் புதிய வடிவங்களைத் தோற்றுவிப்பதற்கு இவையே சான்று. பழைய கிளையைப் போற்றும் அளவு, தளிர்விடும் கிளையை மதிக்கத் தவறுகின்றது. முதியோரை மதிக்கும் குடும்பம் பிள்ளைகளைப் புறக்கணித்தல் முறையன்று.

மூன்றாங் குறை, பயனைப் பற்றியது. குடிவழி வேறுபட்ட இனங்கள் செயலாலும் வேறுபட்டிருக்கும் என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்து. 2018ஆம் ஆண்டில் மாசெல் முதலியோர் முதுகெலும்புள்ள விலங்குகள் பலவற்றைக் கொண்டு இக்கருத்தைச் சோதித்தனர். குடிவழி கொண்டு தெரிந்த தொகுதி, குருட்டாம்போக்கில் தெரிந்த தொகுதியைவிடச் சராசரியாக 18 வீதம் மிகுந்த செயல்வேற்றுமையைக் காத்தது. ஆயின், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஒப்பீடுகளிற் குருட்டாம்போக்குத் தொகுதியே மேம்பட்டு நின்றது. கல்முனைக் கரை இதனை வேறு வகையால் உணர்த்தும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் மருதமுனை முதலாகச் சாய்ந்தமருது ஈறாகப் பல ஊர்கள் பெருந்துயருற்றன. நீரின் விசையைத் தணித்தற்கு வேண்டுவது வேரும் அடர்த்தியும் அகலமுமே, குடிகளின் தொகையன்று. ஓரினக் கண்டலே அடர்ந்து நின்றாலும் அத்தொழிலை ஆற்றும். ஆகவே கண்டற்காட்டைக் காத்தற்குக் குடிவழி ஒரு காரணமாகலாம். அதுவே முழுக் காரணமாகாது.

நான்காங் குறையே இம்மாவட்டத்தார் ஊன்றிச் சிந்திக்க வேண்டியது. அளவு எதனைக் காக்க வேண்டும் என்று கூறுகின்றது. எதனால் அழிகின்றது என்று கூறுவதில்லை. இலங்கை யானைக்கு 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் முதலாகக் காப்பு உண்டு. அதன் பெருமையை அறியாதார் இலர். பெரகராவில் அலங்கரிக்கப்படுவதும், பிள்ளையார் திருமுகமாய்ப் போற்றப்படுவதும், திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்தின் பெயராய் நிற்பதும் யானையே. ஆயினும் 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு நானூற்றுக்கு மேற்பட்ட யானைகள் இலங்கையில் மடிந்தன. யானையால் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். துப்பாக்கியும், வாய்வெடியும், சட்டத்துக்கு மாறான மின்கம்பியும், புகைவண்டியும் காரணங்களாயின. வரிசையில் யானைக்கு மேலும் ஓரிடம் உயர்த்திக் கொடுப்பதால் இவற்றுள் ஒன்றும் குறையாது. இரவு முழுதும் காவற்பரணில் விழித்திருந்து பயிரைக் காக்கும் வேளாளன் யானையின் குடிவழி 6 கோடி ஆண்டினது என்பதை அறியாமையால் அதனைப் பகைக்கவில்லை; தன் ஓராண்டு விளைவு ஓரிரவில் அழிவதாற் பகைக்கின்றான்.

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டின் செய்தி இதனை மேலும் தெளிவாக்கும். 2008ஆம் ஆண்டில் வெளிநாட்டு உதவியோடு அமைக்கப்பட்ட அவ்விடத்திற் சுற்றிலுமுள்ள ஒன்பது ஊர்களின் கழிவு கொட்டப்பட்டது. உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டு வந்த யானைகள் உணவோடு பிளாத்திக்கையும் உண்டன. 2014ஆம் ஆண்டில் மின்வேலி இடிமின்னலாற் பழுதுற்றது, அது திருத்தப்படவில்லை. எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்தன என 2022ஆம் ஆண்டு சனவரியில் உலகச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. நாடு முழுவதிலும் மடிந்த யானைகளின் தொகையோடு ஒப்பிட இது சிறிதே. ஆயின் பகையின்றி, பயிரழிவின்றி, வேட்டையின்றி, வீட்டு வாயிலிற் கட்டி வைத்த பையால் நேர்ந்த இறப்பு இது. காட்டுயிர்க் காப்பு ஊருக்கு வெளியே தொடங்குவது என்னும் எண்ணத்தை இவ்வொரு செய்தியே மறுக்கின்றது.

இக்குறைகளால் குடிவழி அளவு தள்ளத்தக்கது என்று முடித்தல் பொருந்தாது. பொருளியல் அறிஞர் மார்ட்டின் வைற்சுமன் 1998ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒரு வழியைக் காட்டுகின்றது. நூஹ் நபியின் பேழையில் இடம் குறைவாயின் எவற்றை ஏற்றுவது என்னும் வினாவை எழுப்பி, நான்கு பொருள்களை ஒருங்கே நோக்கல் வேண்டும் என்றார் அவர். உயிரினம் எவ்வளவு தனித்தது, எவ்வளவு பயனுடையது, நம் முயற்சியால் அது பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும், அம்முயற்சிக்கு எவ்வளவு செலவாகும் என்பனவே அவை. குடிவழி அளவு இவற்றுள் முதல் வினாவுக்கு மட்டும் விடையாகின்றது. ஒரு வினாவின் விடையை நான்கின் விடையாகக் கொள்வதே இன்று பரவிவரும் பிழையாகும்.

இந்நான்கையும் கொண்டு அம்பாறைக் கரையை நோக்கினால் சில முடிபுகள் எளிதிற் பெறப்படும். குப்பையைத் தரம் பிரித்தலும் வேலியைத் திருத்துதலும் யானைகள் அனைத்தையும் காத்துவிடமாட்டா. எனினும் அவற்றுக்கு ஆகும் செலவு சிறிது, தடுக்கப்படும் இறப்பு உறுதி. ஆதலின் அவை முதலிற் செய்யத்தக்கன. வயலோர மின்வேலியை ஊரார் தாமே பேணுதலும், பயிரிழந்தார்க்குக் காலந்தாழ்த்தாது ஈடு வழங்குதலும் அடுத்தன. இவற்றுக்குக் குடிவழிக் கணக்கு வேண்டுவதில்லை.

அக்கணக்கு உண்மையில் வேண்டப்படுவது வேறிடத்தில். யானைக்குப் புகழ் உண்டு; வாவிக்கரைப் பன்னத்துக்குப் புகழ் இல்லை. அழுங்கையும் தேவாங்கையும் கண்டவர் சிலர். மண்ணுள் வாழும் காலில்லா ஈரூடகவாழியை மண்புழுவெனக் கருதி விடுவோர் பலர். கட்டடத்துக்காக வாவிக்கரையை மண்ணிட்டு நிரப்பும்போது, அங்கு எக்குடி அழிகின்றது எனக் கேட்போர் இலர். அழகாலும் பெருமையாலும் கவராத இவ்வுயிர்களின் சார்பாக வழக்குரைக்கவல்லது குடிவழி அளவே. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தையும் ஒலுவிலில் தலைமையிடத்தையும் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்க்கு இவ்வாவியும் சதுப்பும் கைக்கெட்டிய ஆய்வுக்கூடமாகும். மாவட்டத்தின் பெயரறியா உயிர்களைக் குடிவாரியாகப் பதிவு செய்யும் பணி அவர்களுக்குக் காத்திருக்கின்றது.

ஆகவே, குடிவழி அளவு புகழ்பெற்ற விலங்கை மேலும் புகழ்வதற்குப் பயன்படுவதினும், புகழில்லா உயிரைக் கணக்கிற் கொண்டுவருதற்கே மிகுதியும் பயன்படும் எனத் துணியலாம். அவ்வளவு தரும் விடையைக் கேட்டபின், செலவையும் பிழைக்கும் வாய்ப்பையும் உழைக்கும் மக்களின் இழப்பையும் எண்ணிப் பார்த்தல் மனிதரின் கடனாக எஞ்சுகின்றது. அக்கடனைக் கணக்கின்மேல் ஏற்றிவிட்டு ஒதுங்குதல் அறிவுடைமையாகாது.